அடங்கிய கிளியும் நம்பிய கிளியும்

குறிஞ்சித்திணைப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் தினைப்புனக் காவலை விளக்கியாக வேண்டும். தினை முற்றும் பருவத்தில் தலைவி பரண்மீது அமர்ந்து கிளி ஓட்டுகிறாள். அதற்கென்றே தழல், தட்டை, குளிர் என்று கருவிகள் இருந்ததைக் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது. கிளியை அச்சுறுத்த இத்தனை கருவிகள் செய்துகொண்ட மரபு நம்முடையது. பதினெட்டு ஆண்டுகளாக இதை நடத்தி வருகிறேன். அஞ்சி நிற்கும் ஒரு கிளியின் அச்சத்தைப் போக்க என்ன வழி என்ற கேள்வி இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை எனக்கு எழுந்ததே இல்லை. அந்தக் கேள்வியை எழுப்பியது கைக்குள் அடங்கும் ஒரு பறவை. இலக்கியம் பேசும் இடத்தில் கூண்டுப் பறவையைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பறவை பெரும்பாலும் பட்ஜரிகர். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். பட்ஜரிகர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்துக்கு உரியது. நீரையும் புல்விதையையும் தேடிப் பெருங்கூட்டமாக அலைவது அதன் இயல்பு. 1840இல் ஜான் கூல்ட் என்னும் பறவையியலாளர் அதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன்பின் அது கூண்டிலேயே பல தலைமுறைகளைக் கண்டுவிட்டது. நம் மண்ணின் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோதிடம் பார்த்துச் சொன்னவர்களை வனத்துறையினர் பிடித்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். எனவே கிளி வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சட்டத்துக்கு உட்பட்டு வாங்கித் தரக்கூடியது இந்த அயல்நாட்டுப் பறவையே. ஏழாம் வகுப்பில் இருந்த என் மகளுக்காகச் சென்னையில் ஒரு கடையில் பச்சை நிறத்தில் ஒன்றை வாங்கி, அட்டைப் பெட்டியில் வைத்துப் புறநகர் ரயிலில் ஆரம்பாக்கம் கொண்டுவந்தேன்.

கடைக்காரர் ஒரு வழியும் சொல்லி அனுப்பியிருந்தார். "ரெண்டு மூணு நாள் கையிலயே புடிச்சு வெச்சுக்குங்க சார். முதல்ல கத்தும், கடிக்கும். அப்புறம் தானா அடங்கிடும். வேணும்னா றெக்கைய வெட்டித் தர்றேன்." இறகை வெட்ட நான் ஒப்பவில்லை. அந்த அளவுக்கு நல்லவன் என்ற நிறைவுடன், கையில் பிடிக்கும் வழியை ஏற்றுக்கொண்டேன். முதல் நாள் கடித்தது. இரண்டாம் நாள் கத்தியது. மூன்றாம் நாள் என் பிடிக்குள் அசையாமல் இருந்தது. பழகிவிட்டது என்று வீட்டார் எல்லோரையும் அழைத்துக் காட்டினேன். ஐந்தாம் நாள் கூண்டைக் கழுவத் திறந்த வேளையில் சன்னல் வழியே பறந்து, பின்புறச் சவுக்குத் தோப்புக்குள் போய் மறைந்தது. மகள் இருட்டும்வரை தோப்பில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூண்டில் பிறந்த பறவைக்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடமிருந்து தப்பவும் தெரியாது. அது திரும்பவில்லை. "அது நம்மகிட்ட பழகவே இல்லையாப்பா?" என்று அன்றிரவு அவள் கேட்டாள். பிடிக்குள் அசையாமல் கிடந்ததைப் பழக்கம் என்று அவளுக்குச் சொல்லித் தந்தவன் நான். விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகுதான் பறவைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பட்ஜரிகர் இரையாகப் பிறந்த உயிர். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பது எத்திசையிலிருந்தும் வரும் ஆபத்தைக் காண்பதற்காக. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. போராடியும் பயனில்லை என்றானபின் அசையாமல் ஒடுங்குவது அதனிடம் எஞ்சியிருக்கும் கடைசிக் காப்பு. அச்சத்தில் இறகுகளை உடலோடு ஒட்டி, மெலிந்து, நிமிர்ந்து, அசைவற்று நிற்கும். மனம் தளர்ந்து அமைதியாக இருக்கையில் இறகு சற்றே உப்பும், ஒற்றைக்காலில் நிற்கும், உறங்கப்போகுமுன் அலகை மெல்ல அரைத்துக்கொள்ளும். என் பிடிக்குள் இருந்த பறவை ஒருமுறையும் அலகை அரைத்ததில்லை. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

இலக்கணம் படித்தவர்கள் இந்த இடத்தில் ஒன்றை எண்ணிப்பார்க்கலாம். அடங்கு என்பது தன்வினை. அதன் பிறவினை அடக்கு. பழகு என்பதற்குப் பழக்கு உண்டு. திருந்து என்பதற்குத் திருத்து உண்டு. நம்பு என்பதற்கு அப்படி ஒரு பிறவினை தமிழில் இல்லை. நம்பவை என்று துணைவினை சேர்த்துத்தான் சொல்ல முடியும். அப்படிச் சொன்னவுடன் அதில் வஞ்சனையின் வாடை ஏறிவிடுகிறது. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றுதான் வழக்கில் அதிகம் கேட்கிறோம். மொழி எதையோ அறிந்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அடக்குவது பிறரால் ஆகும். நம்புவதை நம்புகிறவரே செய்தாக வேண்டும். நம்மால் ஆவது, அது நிகழ்வதற்கு இடம் விட்டு நிற்பது மட்டுமே.

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. மார்கழி, தை மாதங்களில் பூநாரைகள் கூட்டமாக வந்து நிற்கும். கேமராவுடன் வருகிறவர் பத்தடி கூடுதலாக எடுத்து வைத்தால் கூட்டம் நடந்தே விலகும். இன்னும் பத்தடி வைத்தால் எழுந்து பறந்துவிடும். அதே நீரில் குனிந்து கையால் இறால் தடவும் பெண்களை அவை இன்னும் அருகில் வரவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் பறவைகளைப் பார்ப்பதில்லை. நேராக அவற்றை நோக்கி நடப்பதும் இல்லை. நாள்தோறும் ஒரே வேகத்தில் ஒரே வேலையைச் செய்கிறார்கள். பறவை அவர்களை அளந்து வைத்திருக்கிறது. கரையில் வலை செப்பனிடும் பெரியவர் ஒருவரிடம் என் கிளிக்கதையைச் சொன்னபோது, அவர் நூலிலிருந்து கண்ணெடுக்காமலே, "வலைய கட்டிட்டு தண்ணிய கலக்குவாங்களா சார்? கட்டிட்டு சும்மா இருக்கணும். அதான் கஷ்டம்" என்றார். வலையின் நோக்கம் வேறு, என் நோக்கம் வேறு. ஆனாலும் சும்மா இருப்பதன் கடினம் இரண்டுக்கும் பொது.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது பறவை வந்தது. நீல நிறம். நெற்றிக் கோடுகள் அலகின் அடிவரை இறங்கியிருந்தன. மூன்று நான்கு மாதங்களில் முதல் இறகு உதிரும்வரை இளம்பறவைக்கு அப்படித்தான் இருக்கும். கூண்டை நடுக்கூடத்தில் தொங்கவிடாமல், சுவரை ஒட்டி, எங்கள் கண் உயரத்தில் வைத்தோம். பின்னால் சுவர் இருந்தால் அந்தப் பக்கத்துக் கவலை அதற்கு இல்லை. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் அந்த அறையில் கூடாது என்று ஆயிற்று; பறவையின் நுரையீரல் மென்மையானது. முதல் வாரம் தண்ணீரும் தீனியும் மாற்றுவது தவிர எவரும் கூண்டருகே கை கொண்டுபோகவில்லை. மகள் மாலையில் ஒரு நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு அமர்ந்து, அதைப் பாராமல், தன் பாடத்தை மெல்லிய குரலில் படித்தாள். உற்றுப் பார்ப்பது வேட்டையாடும் விலங்கின் செயல் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

இரண்டாம் வாரம் நாற்காலி ஒரு சாண் நகர்ந்தது. பறவை இறகை ஒடுக்கியதும் நாற்காலி பின்னால் போனது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று இப்போது கருதுகிறேன். அது வேண்டாம் என்றபோது நாங்கள் விலகினோம். விலகுவோம் என்பதை அது கற்றுக்கொண்டது. மூன்றாம் வாரம் கூண்டுக் கம்பிக்கு வெளியிலிருந்து ஒரு தினைக்கதிர். முதல் நான்கு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் கழுத்தை நீட்டி ஒரு மணியைக் கொத்திவிட்டு மறுகோடிக்கு ஓடியது. அடுத்து, கூண்டுக்குள் அசையாத கை, கையில் கதிர். கை மேலிருந்து வராமல் எப்போதும் கீழிருந்தே போகும். கை வலிக்கிறது என்று மகள் முறையிடுவாள். நான் மாற்றிப் பிடிப்பேன். நாற்பத்தொன்றாம் நாள், விரலை அதன் வயிற்றடியில் கால்களுக்குச் சற்று மேலாக வைத்தபோது ஒரு காலை எடுத்து வைத்தது. சற்று யோசித்தது. மற்றக் காலையும் எடுத்து வைத்தது. மூச்சுவிடவும் பயந்து நின்றவள் என் மகள்தான்.

சங்க காலத்துத் தினைக்கும் இந்தத் தினைக்கும் இடையில் நின்றபோது எனக்குப் பறம்புமலை நினைவுக்கு வந்தது. பறம்பின் குருவிக் கூட்டம் காலையில் போய் மாலையில் நெற்கதிருடன் திரும்பும் காட்சி அகநானூற்றில் ஔவையார் பாட்டொன்றில் உவமையாக வருகிறது. மூவேந்தர் முற்றுகையின்போது கபிலர் பழக்கிய பறவைகள் அவை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். கதையாகச் சொல்பவர்கள் அவற்றைக் கிளிகள் என்பர். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையில் கூண்டு இல்லை. பறவை போகலாம், போன இடத்தில் தங்கியும் விடலாம். திரும்பி வந்ததனால்தான் அது கதையாயிற்று.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை எனக்குத் தெரியும். கூண்டில் வைத்துக்கொண்டு நம்பிக்கை என்று பேசுவது போலித்தனம் இல்லையா? ஓரளவு உண்மைதான். கதவைத் திறந்துவிட்டால் அது சாகும் என்பது கூண்டை நியாயப்படுத்தாது. நம் கடனைக் கூட்டும். எங்கள் வீட்டில் மாலை இரண்டு மணி நேரம் சன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கூண்டைத் திறந்து வைக்கிறோம். வெளியே வருவதும் வராமல் இருப்பதும் அதன் விருப்பம். இன்னொரு கேள்வி, ஒரு பறவைக்கு இவ்வளவு நேரமா என்பது. நேரம் இல்லாதவர்கள் ஒன்றை மட்டும் வாங்கித் தனிமையில் வாடவிடக் கூடாது. கூட்டமாக வாழும் இனம் அது. ஆண் பட்ஜரிகர் தன் துணையின் அழைப்பொலியைக் கற்றுத் தன் ஒலியையே அதற்கேற்ப மாற்றிக்கொள்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இரண்டாக வாங்கி, அவை தம்முள் பேசிக்கொள்வதைத் தள்ளி நின்று பார்ப்பதும் நல்ல வளர்ப்பே. அப்போது அவை நம் விரலில் ஏறுவதற்கு நாளாகும். ஏறாமலே போனாலும் குறையில்லை.

நான் வன்மையாக மறுப்பது ஒன்றைத்தான்: இறகை வெட்டியும், கைக்குள் இறுக்கியும், பட்டினி போட்டும் விரைவில் 'பழக்கித்' தரும் முறையை. அது வேலை செய்வதுபோல் தோன்றும். மூன்று நாளில் பறவை அசையாமல் இருக்கும். என் வகுப்பின் கடைசி வரிசையில், ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் ஆண்டுதோறும் அசையாமல் அமர்ந்திருப்பார்கள். அடக்கமான பிள்ளைகள் என்று பல ஆண்டுகள் மெச்சியிருக்கிறேன். கேள்வி கேட்டு எழுப்பிவிட்டு, விடை வரும்வரை எதிரில் நின்று உற்றுப் பார்ப்பதுதான் என் வழக்கம். இப்போது கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் போய் நிற்கிறேன். சிலர் பேசுகிறார்கள். பேசாதவரை வற்புறுத்துவதில்லை, நாளைக்கும் வகுப்பு இருக்கிறது.

நீலப் பறவை வந்து ஒன்றரை ஆண்டாகிறது. மகளின் தோளில் அமர்ந்து அவள் காதோர மயிரைக் கோதுகிறது. என் விரலுக்கு வரும். தினை தீர்ந்ததும் போய்விடும். முதுகைத் தடவ இன்றுவரை எனக்கு இடம் தரவில்லை. கையைச் சற்று உயர்த்தினாலே இறகை ஒடுக்கி நிமிர்ந்து என்னைப் பார்க்கும். நான் கையைத் தாழ்த்திக்கொள்கிறேன்.