லயமும் ஆலயமும்



ஆங்கிலத்தில் 'லைன்' என்றொரு சிறிய சொல் உண்டு. பள்ளி மாணவனுக்கு அது கொப்பியில் இழுக்கும் கோடு. கடை வாசலில் நிற்பவருக்கு வரிசை. நானுஓயாவில் புகையிரதத்துக்குக் காத்திருப்பவருக்குத் தண்டவாளம். தொலைபேசியைக் கையிலெடுத்தவருக்கு இணைப்பு. புலவருக்குக் கவிதையின் ஓர் அடி. வம்ச வரலாறு எழுதுபவருக்குத் தலைமுறைத் தொடர். ஆட்சியாளருக்கு நாட்டின் எல்லை. ஆனால் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் பிறந்தவருக்கு அச்சொல் முதலில் உணர்த்துவது ஒன்றே: லயம்.

கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட பின்னரும், தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட அறைகளைத் துரைமார் 'லைன்' என்றனர். நம் முன்னோர் அதனை 'லயம்' ஆக்கினர். ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 'காம்பரா' என்ற பெயர். அதன் முன்திண்ணைக்கு ஒல்லாந்தர் விட்டுச்சென்ற 'இஸ்தோப்பு' என்ற பெயர். இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரும் நம் மக்களின் இருப்பிடத்துக்கு ஆளுக்கொரு சொல்லைத் தந்தனர். 'வீடு' என்ற நம் சொந்தச் சொல்லுக்கு மட்டும் அங்கே இடம் கிடைக்கவில்லை. மலையகத்தின் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டதன் பொருள் லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கமின்றியே புரியும்.

அறிஞர்கள் 'லைன்' என்ற சொல்லின் வேரைத் தேடி இலத்தீன் மொழிக்குச் செல்கின்றனர். லினன் துணி நெய்யப் பயன்படும் நாரால் திரித்த நூலே அதன் முதற்பொருள். நூலைப் பிடித்து நிலத்தை அளந்தனர். அதனால் அது அளவுநூலும் ஆயிற்று. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இப்பொருளிலேயே அச்சொல் வருகிறது. தமக்குரிய அளவுநூல் இனிமையான இடங்களில் விழுந்தது என்று திருப்பாடல் ஆசிரியர் இறைவனுக்கு நன்றி கூறுகிறார் (திபா 16:6). குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் நூல் பிடித்து நிலம் பங்கிட்ட மக்களின் நன்றி அது. பங்களாவில் அமர்ந்து இத்திருப்பாடலை வாசித்த துரைமாரும் இருந்திருக்கக்கூடும். விவிலியத்தில் ஒருவரின் உரிமை நிலத்தைக் குறித்த அதே சொல், பங்களாவுக்குக் கீழே, நிலமே இல்லாதவரின் இருப்பிடத்தைக் குறித்து நின்றது.

நம் மக்கள்மீதும் கோடுகள் விழுந்தன. அவை நிலம் தந்த கோடுகள் அல்ல. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாட்டின் எல்லைக்கு அப்பால் நிறுத்தியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அந்தக் கோடு உடன்பிறந்தோரின் நடுவேயும் சென்றது. எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுவரை சட்டங்கள் தேவைப்பட்டன. வாக்குச்சீட்டு வந்தது, காணி உறுதி வரவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. காம்பராவில் தலைமுறைகளாய் வாழ்ந்தவர் பெயரில் அத்தரையின் ஒரு சாண்கூட எழுதப்படவில்லை. பல தோட்டங்களில் இன்றும் கடிதம் வந்து சேர்வது தோட்டக் காரியாலயத்துக்கே.

2014 ஒக்டோபர் 28ஆம் நாள், வத்திக்கானில் மக்கள் இயக்கங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், நிலம், குடியிருப்பு, தொழில் ஆகிய மூன்றும் புனிதமான உரிமைகள் என்று போதித்தார். மறுநாட் காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விரு நாட்களையும் அருகருகே வைத்துத் தியானியுங்கள். உரிமையைப் பற்றிய போதனை எட்டுமுன் மண் எட்டிவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலின்போதும் மலைச்சரிவுகள் மனித உயிர்களை விழுங்கின. பாதுகாப்பான நிலம் என்பது சலுகை அன்று, உயிர்ப்பிரச்சினை என்பதை இன்னும் எத்தனை மழைக்காலங்கள் நமக்குக் கற்பிக்க வேண்டும்?

நன்மையும் நடந்திருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. கடந்த பத்தாண்டுகளில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்துள்ளன. இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே 12இல் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. எனினும் லயத்திலேயே இருப்போர் ஏராளம். தகரக் கூரையை மாற்றிக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. காணி உறுதி கையில் கிடைக்கும்வரை அது வேறொருவரின் நிலத்தில் நிற்கும் கூரையே.

அந்த உறுதியில் யாருடைய பெயர் எழுதப்பட வேண்டும்? செலோபுகாதின் புதல்வியர் ஐவர் மோசேயின் முன் நின்று தந்தையின் நிலத்தில் பங்கு கேட்டனர். அவர்கள் கேட்டது சரியே என்று ஆண்டவரே தீர்ப்பளித்தார் (எண் 27:1-11). அட்டை கடிக்கும் மலையில், பனியிலும் மழையிலும் நிரை பிடித்துக் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் நம் தாய்மாரே. அவர்கள் பெயரும் கணவர் பெயரோடு உறுதியில் இடம்பெற வேண்டும்.

அன்பார்ந்தோரே, அரசும் கம்பனியும் செய்ய வேண்டியவற்றோடு நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 'லயம்' என்ற சொல்லுக்கு அகராதியில் இல்லாத ஒரு பொருளை நம் நாவு சேர்த்திருக்கிறது. நகரத்துக்கு வந்து படித்து முன்னேறிய கத்தோலிக்கக் குடும்பங்களிலும், 'லயத்துச் சனம்' என்ற சொல் ஏளனமாக ஒலிக்கக் கேட்கிறோம். பெண் பார்க்கும்போது லயத்து முகவரி மறைக்கப்படுகிறது. தம் பாட்டி வாழ்ந்த காம்பராவைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவும் சிலர் கூசுகின்றனர்.

தமிழில் 'லயம்' என்றால் இசையின் ஒழுங்கு. ஒன்றில் ஒன்று கலந்து இரண்டறப் பொருந்துவது. 'ஆலயம்' என்பதும் அதே வேரில் பிறந்த சொல். தோட்டத்து லயம் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ஆயினும் ஒலியில் அவை அண்டை வீட்டார். லகரத்தை நீட்டினால் லாயம். முன்னே ஆகாரம் சேர்த்தால் ஆலயம். விடுதியில் இடம் கிடைக்காத அன்னை மரியா தம் மகனைக் கிடத்தியது தீவனத்தொட்டியில் (லூக் 2:7). விலங்குகளின் கொட்டிலை ஆலயமாக்கிய இறைவனுக்கு லயத்துக் காம்பரா எட்டாத இடமன்று. மாலையில் காம்பராவில் விளக்கேற்றிச் செபமாலை சொல்லும் குடும்பங்கள் அதை அறிவர்.

ஆனால் இறைவன் அங்கே வாழ்கிறார் என்பதால் மனிதர் அங்கேயே கிடக்கட்டும் என்று எவரும் சொல்லத் துணியலாகாது. எருசலேமை அளக்க அளவுநூலோடு புறப்பட்ட ஒருவரை இறைவாக்கினர் செக்கரியா கண்டார். அந்நகர் மதில்களுக்குள் அடங்காது. ஆண்டவரே அதைச் சூழ்ந்து காப்பார் என்று வானதூதர் அறிவித்தார் (செக் 2:1-5). அந்த அளவுநூல் மலையகத்திலும் விழட்டும். அதுவரை நம் இல்லங்களில் ஒரு செயலைத் தொடங்குவோம்: லயத்தில் பிறந்த நம் முன்னோரின் பெயர்களையும் அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லி, இன்றிரவுக் குடும்பச் செபத்தில் அவர்களை வெட்கமின்றி நினைவுகூர்வோம்.