ஒதுக்கிய படங்கள்

சென்ற மாதம் நமது பள்ளிக்கூடத்து வாசகசாலைச் சுவரில் மாட்டுவதற்குப் பன்னிரண்டு படங்கள் வேண்டுமென்று தலைமையாசிரியர் கேட்டார். கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரையிலுள்ள கடற்கரைக் காட்சிகளாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வாத்தியார் வேலை போக மிச்சமுள்ள நேரத்தில் காமிராவும் கையுமாக அலைகிறவர் நாம் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே உற்சாகமாக ஒப்புக்கொண்டோம். ஓராண்டில் சேர்ந்த படங்களைக் கணினியில் எண்ணிப் பார்த்தோம். 640 படங்கள்! அவற்றில் 628ஐத் தள்ளியாக வேண்டும்.

முதல் தள்ளுபடி எளிதாகவே நடந்தது. கை நடுங்கியவை போயின. பிறகு உப்பளப் படங்களில் வெந்துபோனவை. இதைச் சற்று விளக்க வேண்டும். காமிராவுக்குத் தன் முன் இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணம். மரக்காணத்து உப்புக் குவியலைக் காட்டினால் அதையும் அடுப்புச் சாம்பலாக்கி வைக்கும். அதைத் திருத்த நாம் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறோம். அளவு மிஞ்சினால் உப்பின் பரல்கள் மறைந்து வெறும் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். இருட்டிலே புதைந்ததைக் கணினியில் ஓரளவு தோண்டி எடுக்கலாம். வெளுத்துப் போனதை மீட்க வழியில்லை.

அடுத்தது இரட்டைப் பிள்ளைகள். ஒரே குவியலை ஒன்பது தினுசாக எடுத்திருந்தோம். ஒன்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப்பொழுது கழிந்தது.

மூன்றாவது கட்டத்தில்தான் சங்கடம் தொடங்கிற்று. மாசி மாதத்து விடியற்காலையில் வரப்பு வழுக்கி, முழங்கால்வரை சேற்றில் இறங்கி, காமிராவை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து எடுத்த படம் ஒன்று இருந்தது. அதை எப்படித் தள்ளுவது? நம் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதிலே என்ன இருக்கிறதென்று இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அவள் சேற்றில் இறங்கவில்லை. ஆகையால் படத்தை மட்டும் பார்த்தாள். நாமோ நம் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எடுத்த படங்களைச் சில வாரங்களாவது மூடி வைத்துவிட்டுப் பிறகு பார்க்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். ஆனாலும் அந்தப் படத்தைப் பன்னிரண்டில் சேர்த்துவிட்டோம். ஆசை யாரை விட்டது!

பிறகு கத்தரிப்பு வேலை. ஓரத்தில் நீட்டிய மின்கம்பி, பிளாஸ்டிக் பை, யாரோ ஒருவரின் பாதி முதுகு ஆகியவற்றை வெட்டி எறிந்தோம். கோட்டக்குப்பத்துக் கடற்கரைப் படம் ஒன்றில் வலது பக்கம் கருங்கற்கள் கொட்டிக் கிடந்தன. காலைக் கதிரவனும் அலையும் அத்தனை சோபையாக அமைந்திருக்க, கற்கள் மட்டும் கண்ணை உறுத்தின. அவற்றையும் வெட்டினோம். படம் பிரமாதமாகிவிட்டது. தலைமையாசிரியரே, "நம்ம ஊரா இது!" என்று ஆச்சரியப்பட்டார்.

படங்களைச் சுவரில் மாட்ட உதவிக்கு வந்தவர்களில் மீனவர் குடும்பத்துப் பையன் ஒருவன். ஒன்பதாம் வகுப்பு, வகுப்பில் அதிகம் வாய் திறவாதவன். அந்தப் படத்தின் முன்னால் நின்றவன் வெகுநேரம் நகரவில்லை.

"ஸார், கல்லு எங்கே ஸார்?" என்றான்.

"எந்தக் கல்?"

"இங்கே கொட்டியிருக்குமே, அந்தக் கல்லுதான் ஸார். அதுக்குப் பின்னாலேதான் எங்க வீடு."

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அந்தக் கற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. நம் கீழைக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அலையோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1989ல் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. வடக்கே வர வேண்டிய மணல் அங்கே தேங்கிற்று. அலை மட்டும் வழக்கம்போல் வந்து, இருந்த மணலை அரித்துச் சென்றது. முதலில் புதுச்சேரி நகரம் தன் மணற்கரையை இழந்தது. நகரத்தைக் காக்கக் கற்களைக் கொட்டினார்கள். அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்து நமது குப்பங்களுக்கு வந்து சேர்ந்தது. இங்கும் கல் கொட்ட வேண்டியதாயிற்று. பையன் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இன்று இருப்பது அந்தக் கற்கள்தாம். நாம் அழகுக்காக வெட்டி எறிந்தது அவன் வீட்டுச் சுவரை!

இது நாம் புதிதாகச் செய்த பாவமன்று. புகைப்படக் கலையின் வயதே இதற்கும் வயது. அக்காலத்து ரசாயனங்கள் நீல ஒளிக்கு அதிகமாக மசிந்ததால், கடலுக்கு அளவாக ஒளி காட்டினால் வானம் வெளுத்துவிடும். பிரான்ஸு தேசத்து குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலை ஒரு நெகடிவிலும் வானத்தை மற்றொரு நெகடிவிலும் எடுத்து, இரண்டையும் ஒட்டிப் படமாக்கினார். அமெரிக்கரான ஆன்ஸல் ஆடம்ஸ் 1941ல் ஹெர்னாண்டெஸ் என்ற சிற்றூரின்மேல் நிலா உதித்ததை எடுத்தார். ஆண்டுகள் செல்லச்செல்ல, அதே நெகடிவிலிருந்து வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கிப் படம் போட்டார். முதலில் தெரிந்த மெல்லிய மேகங்கள் பிற்காலப் படங்களில் ஏறக்குறைய மறைந்தே போயின. பியானோ பயின்றவரான அவர், நெகடிவ் என்பது ஸ்வரம் எழுதிய ஏடு, படம் என்பது கச்சேரி என்று சொல்வதுண்டு. நல்ல உவமைதான். ஆனால் கச்சேரியில் வித்வான் விட்டுவிட்ட சரணத்தின் வீட்டில் யாரும் குடியிருப்பதில்லையே!

நம் தமிழ்நாட்டுக்கு வந்தவர் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயக் காப்டன். 1858ல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி, மெழுகு தடவிய பெரிய காகித நெகடிவுகளில் கோயில்களையும் குன்றுகளையும் எடுத்தவர். வெற்று வானம் அவருக்கும் பொறுக்கவில்லை. நெகடிவின்மேல் தூரிகையால் வர்ணம் தொட்டு மேகம் தீட்டினார். தெளிவில்லாத மரங்களின் இலைகளைத் திருத்தினார்.

அதே மனிதர் மற்றொரு காரியமும் செய்தார். 1855ல் பர்மா தேசத்து மன்னரிடம் சென்ற தூதுக்குழுவோடு அவரும் போயிருந்தார். மழையும் நோயும் போக, வேலை செய்ய அவருக்குக் கிடைத்தவை 36 நாட்கள். எடுத்த 200க்கும் மேற்பட்ட படங்களில் 120ஐப் பொறுக்கித் தொகுப்பாக வெளியிட்டார். குறையுள்ள படங்களும் அதில் இருந்தன. காட்சியின் முக்கியத்துவம் கருதியே அவற்றைச் சேர்த்ததாக அவரே ஒப்புக்கொண்டு எழுதி வைத்தார். அவருடைய தீட்டிய மேகங்களைவிட இந்த ஒப்புதலின்மேல்தான் நமக்கு மதிப்பு அதிகம்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் பரண்மீதிருந்த பழைய செருப்புப் பெட்டியை இறக்கினோம். கல்லூரி நாட்களில் பிலிமில் எடுத்த படங்கள், 'உதவாதவை' என்று நம் கையாலேயே எழுதிய உறைக்குள் கிடந்தன. எறியாமல் விட்டதற்குக் காரணம் தீர்க்கதரிசனம் அல்ல, சோம்பல்தான். அவற்றில் ஒன்று அதே இடம். உச்சிவெயிலில் எடுத்தது, வானம் வெள்ளைத்தாள், அமைப்பென்று எதுவும் கிடையாது. அகன்ற மணற்பரப்பு, அதில் இழுத்துப் போட்ட நான்கு கட்டுமரங்கள், உலரும் வலைகள். அவ்வளவுதான்.

மறுநாள் அதைப் பெரிதாக்கக் கொடுத்தோம். கடைக்காரப் பிள்ளை நல்ல மனத்தோடு, "வானத்துலே மேகம் போட்டுத் தரட்டுமா ஸார்?" என்று கேட்டான். வேண்டாமென்றோம். கத்தரித்த படத்தை இறக்கி, கற்களோடு முழுமையாக அச்சிட்டு அதன் பக்கத்தில் மாட்டினோம். பன்னிரண்டுக்குமேல் சுவரில் இடமில்லை. சேற்றில் இறங்கி எடுத்த படம் வீடு திரும்பிற்று.

பையன் பழைய படத்தருகே சென்று கட்டுமரங்களை எண்ணினான். பிறகு திரும்பி, "மூணாவது எங்க தாத்தாவுதா இருக்கும் ஸார்" என்றான்.