தள்ளுபடிக் கணக்கில் தோற்ற வாத்தியார்



புது கார் முன்னால் மாலையும் சாவியுமாக நீங்கள் நிற்கும் படங்களைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. கூடவே ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

எட்டாம் வகுப்பில் குறித்த விலை, தள்ளுபடி, விற்பனை விலை என்று உங்களுக்கு எத்தனை கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பேன்! அந்த வாத்தியாரே ஓய்வுபெற்ற பணத்தில் கார் வாங்கப் போய்த் தோற்றார். 30,000 ரூபாய் தள்ளுபடி என்றார்கள், காபி கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து பில்லைப் பிரித்தால், இன்சூரன்ஸ் வெளியே கிடைப்பதைவிட 11,000 அதிகம். நான் கேட்காத சீட் கவர், மேட் வகையறா 16,000. ஹேண்ட்லிங் சார்ஜ் 4,000. கூட்டிப் பாருங்கள். நான்தான் அவர்களுக்கு 1,000 ரூபாய் தள்ளுபடி கொடுத்திருக்கிறேன்!

அதனால், "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்காதீர்கள். "ஆன்ரோடு மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியாக எழுதி வாங்கி, அதே காருக்கு இன்னும் இரண்டு டீலர்களிடம் காட்டுங்கள். மூன்று வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம்தான். அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்றால், பழைய வண்டிக்கு வெளியே என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். அதில் குறைத்துவிட்டு இதில் போனஸ் தருவார்கள். அரசு ஊழியர் சலுகை இருக்கிறதா என்று நீங்களாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் வாய் திறக்க மாட்டார்கள்.

டிசம்பர் தள்ளுபடி பெரிதுதான். ஆனால் ஜனவரி பிறந்ததும் அது போன வருட வண்டி. பத்து வருடம் ஓட்டுபவருக்கு லாபம். மூன்று வருடத்தில் விற்பவருக்கு இல்லை. வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள். அது உங்கள் பணம். வருமான வரிக் கணக்கில் காட்டினால் வரியில் கழியும். வரியே இல்லாதவருக்குத் திரும்ப வரும்.

ஷோரூமில் வேலை பார்க்கும் என் மாணவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் மேல் கோபமில்லை, உங்களுக்கும் டார்கெட் இருக்கிறது. கேட்பவருக்கு மட்டும் ஒரு விலை, கேட்கக் கூச்சப்படுபவருக்கு இன்னொரு விலை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கீரைக்கார அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். ஏசி அறையில் முப்பதாயிரத்துக்குப் பேச வெட்கப்படுகிறோம். மாற்றிக்கொள்வோம்.

கணக்கைப் போட்டுவிட்டுச் சாவியை வாங்குங்கள். படம் போட மறக்காதீர்கள்!