கணக்குக்கு மட்டும் இந்து

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்க சேரிக்கு வந்தவர் தெருமுனைப் புளியமரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு ஒருத்தரா அங்கே வரச்சொல்லிப் பெயர், வயசு, தொழில் எல்லாம் கேட்டார். மதம் என்கிற கட்டம் வந்தபோது மட்டும் கேட்கவில்லை. அவரே எழுதிக்கொண்டார். ‘என்னா சார் எழுதுனீங்க?’ என்று அம்மா கேட்டதுக்கு, ‘வேறென்ன, இந்துதான்’ என்றார். வெயிலுக்குக் கொஞ்சம் தண்ணி தரட்டுமா என்றோம். வேண்டாமென்று எழுந்துவிட்டார். நாங்கள் இந்து. எங்க சொம்பு இந்து இல்லை போலிருக்கிறது.

பல மதமும் பல மொழியும் வாழும் நாட்டில் ‘நாங்கதான் பெரும்பான்மை, இது எங்க தேசம்’ என்று கிளம்புகிறவர்களிடம் நம் முற்போக்காளர்கள் என்ன கேட்கிறார்கள்? பெரும்பான்மை பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டுமாம். சிறுபான்மையை அரவணைக்க வேண்டுமாம். அந்தப் பெரும்பான்மையின் தலைக்கணக்கை மட்டும் யாரும் தொடுவதில்லை. யாரைச் சேர்த்து எண்ணி வந்த தொகை அது?

1906ல் வைசிராய் மிண்டோவைச் சிம்லாவில் பார்த்த முஸ்லிம் தூதுக்குழு, உண்மையில் இந்து அல்லாதவர்களையும் இந்துக்களோடு சேர்த்து எண்ணுவதை ஆட்சேபித்தது. (அவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது. நம்மேல் பாசம் ஒன்றுமில்லை.) 1910ல் கணக்கெடுப்பு ஆணையர் கெயிட் ஒரு சுற்றறிக்கை விட்டார். பார்ப்பனர் மேலாண்மையை ஏற்காதவர், கோயிலுக்குள் விடப்படாதவர், தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர், மாட்டுக்கறி தின்பவர், பிணத்தைப் புதைப்பவர் யார் யார் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். அதுவரை நம் நிழலுக்கே ஒதுங்கியவர்களுக்கெல்லாம் வயிறு கலங்கியது. ‘ஐயோ, அவர்களும் நம்மவர்களே!’ அயோத்திதாசப் பண்டிதருக்கு இந்தச் சூது முன்பே புரிந்திருந்தது. நம்மவர்கள் இந்துக்கள் அல்லர், சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்று கணக்கில் பதிய வேண்டுமென அவர் தம் ‘தமிழன்’ இதழில் போராடினார்.

1945ல் பம்பாயில் பேசிய அம்பேத்கர் இதன் ஆணிவேரையே பிடித்தார். அரசியல் பெரும்பான்மை கொள்கையால் சேருவது, கலைவது, யாரும் நுழையக்கூடியது. இந்தியாவில் இருப்பதோ பிறப்பால் வருகிற வகுப்புப் பெரும்பான்மை. அதற்குக் கதவே கிடையாது. அதனால் மத்தியச் சட்டசபையில் இந்துக்களுக்கு 40 விழுக்காடு போதும், தீண்டத்தகாதோருக்குத் தனியாக 20 என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். அதை யாரும் சீந்தவில்லை. 1932லேயே உண்ணாவிரதம் இருந்து தனித்தொகுதியைப் பிடுங்கியாயிற்றே!

2011 கணக்கில் இந்துக்கள் 79.8 விழுக்காடு. பட்டியல் சாதியினர் 16.6, பழங்குடியினர் 8.6. இவர்களில் சீக்கியர், பௌத்தர், கிறித்தவர் போக மற்றவர்களை இந்துக் கணக்கிலிருந்து தள்ளிப் பாருங்கள். மிச்சம் அறுபதுக்குள் அடங்கிவிடும். அந்த அறுபதுக்குள்ளும் சாதிக்கொரு சுடுகாடு. இந்த ‘மகா பெரும்பான்மை’யை நிறுத்தி வைத்திருப்பதில் நம் தலைகளுக்கும் பங்குண்டு.

நாம் நகர்ந்தால் அது ஆடும். அதனால்தான் 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்று முளையடித்தது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் தளர்த்தினார்கள். கிறித்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியே. 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதக்கட்டை நீக்கச் சொன்னது. கேட்டார்களா? 1981ல் தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் நம் சனங்கள் இஸ்லாம் தழுவியபோது மட்டும் தில்லியே அலறியது. வாஜ்பாயி வந்தார். தலைவர்கள் வரிசை கட்டி வந்தார்கள். அதுக்கு முன்னே அதே சனம் சாதிக்காரனிடமும் போலீசிடமும் மிதிபட்டபோது வழி தெரியவில்லை போல. 1989 நவம்பர் 9ல் அயோத்தியில் முதல் செங்கல்லை எடுத்து வைக்கப் பீகாரிலிருந்து ஒரு தலித்தைத்தான் அழைத்தார்கள், காமேஷ்வர் சௌபால். பிறகு 2020ல் அவருக்கு அறக்கட்டளையில் ஒரு நாற்காலியும் கிடைத்தது. கருவறை யாருக்கு என்பது கேள்வியாகவே எழவில்லை.

தமிழ்த்தேசியத் தோழர்கள் இதைப் படித்துவிட்டு ரொம்பத் தலையாட்ட வேண்டாம். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 தொடங்கி 2006 வரை ஒரு தலித் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார முடியாமல் பார்த்துக்கொண்டவர்கள் வடநாட்டு இந்துத்துவவாதிகளா? அசல் தமிழர்கள்தான். கோடிக் கணக்கில் தமிழர் என்று மேடையில் முழங்கும்போது அந்தக் கோடியிலும் சேரித் தலைகளை எண்ணித்தானே முழங்குகிறீர்கள்?

2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025ல் அறிவித்தார்கள். சாதிக் கட்டத்தை அவர்கள் கேட்கட்டும். மதக் கட்டத்தை நாம் கேட்க வைக்கணும்.

2011ல் தங்கச்சி வீட்டுக்கு வந்தவரும் கேட்காமலேதான் எழுதப் போனார். இவள் கையை நீட்டித் தடுத்து, ‘பௌத்தம்னு போடுங்க’ என்றாள். ‘சலுகையெல்லாம் போயிடும்மா’ என்று பயங்காட்டினார். ‘அது 90லேயே மாறிடுச்சு சார், நீங்க போடுங்க’ என்றவள், அவர் எழுதி முடிக்கிறவரைக்கும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாளாம்.