‘இணைநோய் இருந்தது’ என்று சொன்னால் போதுமா?

கொரோனா காலத்தில் தமிழ்நாடு சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கையில் இறந்தவர்கள் இரண்டு வகையாக வந்தார்கள்: இணைநோய் உள்ளவர்கள், இணைநோய் இல்லாதவர்கள். மருத்துவத்துக்கு இந்தப் பிரிவு தேவைதான். ஆனால் ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சியில் அதைக் கேட்டுக் கேட்டு, முதல் வகை மரணம் ஊருக்குச் சாதாரணமாகிப் போனது. ‘சுகர் இருந்துச்சாம்’, ‘டயாலிசிஸ்ல இருந்தாராம்’ என்ற ஒரு வரியோடு கணக்கு முடிந்தது. அந்த மனிதரைக் காப்பாற்ற அரசிடம் என்ன இருந்தது, அது அவரிடம் எப்போது போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுமே 2020 தொடக்கத்தில் பரவிய வைரஸைப் பார்த்துச் செய்யப்பட்டவை. 2021 நவம்பரில் ஒமைக்ரான் வந்தபோது அதன் முள் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. பழைய வைரஸின் முகத்தை மனப்பாடம் செய்திருந்த எதிர்ப்பொருள்கள் புதிய முகத்தைக் கண்டு தடுமாறின. ஆனாலும் உடலில் இரண்டாவது காவல் ஒன்று உண்டு. டி செல்கள் வைரஸின் பல துண்டுகளை அடையாளம் வைத்துக்கொள்வதால், முள் மாறினாலும் அவை முழுதாக ஏமாறுவதில்லை. தடுப்பூசி போட்ட பெரும்பாலோருக்கு ஒமைக்ரான் காய்ச்சல், இருமலோடு போனதற்கு இது முக்கியக் காரணம். ‘தடுப்பூசி போட்டும் கொரோனா வந்துச்சே, பிறகு எதற்கு ஊசி?’ என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்விக்கும் இதுவே பதில்.

இந்த இரண்டு காவலும் எல்லா உடலிலும் ஒரே அளவில் உருவாவதில்லை என்பதுதான் சிக்கல். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களிடம் அமெரிக்காவில் 2021இல் செய்த ஆய்வில், முதல் தவணைக்குப் பின் 17 சதவீதம் பேரிடமும் இரண்டாம் தவணைக்குப் பின் 54 சதவீதம் பேரிடமும் மட்டுமே எதிர்ப்பொருள் தென்பட்டது. நலமான உடல்களில் இரண்டு தவணைக்குப் பின் ஏறத்தாழ எல்லோரிடமும் தென்படும். பொருத்திய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளே தடுப்பூசியின் வேலையையும் மட்டுப்படுத்திவிடுகின்றன. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் பலன் குறைவு, அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும். சர்க்கரை நோயில், கட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பெரிய இழப்பில்லை. கட்டுப்பாடின்றி ஏறிக் கிடப்பவர்களுக்கு இழப்பு உண்டு. ஆக, வைரஸ் ஒரு படி மாறும்போது நலமானவர் ஒரு படி இறங்குகிறார். ஏற்கெனவே கடைசிப் படியில் நிற்பவருக்கு இறங்கப் படியே இல்லை.

இதை மருத்துவ உலகம் கொரோனாவில்தான் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடக் கூடாது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இரட்டிப்பு அளவில் போடுவது பல ஆண்டுகளாக உள்ள வழக்கம். வழக்கமான அளவு இவர்களுக்குப் போதாது என்பது டயாலிசிஸ் அறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும்.

அப்படியிருந்தும் ஒன்றிய அரசு என்ன செய்தது? 2021 மார்ச் 1 அன்று 45 முதல் 59 வயதுவரை உள்ள இணைநோயாளிகளுக்குத் தடுப்பூசியைத் திறந்துவிட்டு, கூடவே 20 நோய்நிலைகள் கொண்ட பட்டியலையும் நீட்டியது. சர்க்கரை நோய் மட்டும் இருந்தால் போதாது. பத்தாண்டுக்கு மேல் இருக்க வேண்டும் அல்லது பக்க விளைவுகள் வந்திருக்க வேண்டும். அதோடு ரத்த அழுத்தத்துக்கும் சிகிச்சையில் இருக்க வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேறு. பத்தாண்டுச் சர்க்கரைக்குத் தாள் வைத்திருப்பவர் யார்? குடும்ப மருத்துவர் உள்ளவர், ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்பவர். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாத கோடிக்கணக்கானோர் வாழும் நாடு இது. ஏப்ரல் 1 அன்று 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் என்று மாற்றியதால் அந்தப் பட்டியல் ஒரு மாதத்தில் உயிரை விட்டது.

அடுத்தது இன்னும் மோசம். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்றாம் தவணை போட அமெரிக்கா 2021 ஆகஸ்டில் அனுமதித்தது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குக் கூடுதல் தவணை தேவை என்று அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சொன்னது. இந்தியாவில் ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ 2022 ஜனவரி 10 அன்று தொடங்கியபோது, அது மருத்துவப் பணியாளர், முன்களப் பணியாளர், 60 வயதைக் கடந்த இணைநோயாளிகள் ஆகியோருக்கு மட்டும்தான். அதுவும் இரண்டாம் தவணைக்குப் பின் ஒன்பது மாதம் கழிந்திருந்தால். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நாற்பது வயதுக்காரருக்கு ஒமைக்ரான் அலை முழுக்க எதுவும் இல்லை. ஏப்ரல் 10 அன்று அவருக்கும் கதவு திறந்தது, தனியார் மையங்களில், காசுக்கு. ஊசி 225 ரூபாய், சேவைக் கட்டணம் 150 ரூபாய் வரை. இலவசமாகக் கிடைக்க ஜூலை 15 ஆனது. அதுவும் 75 நாட்களுக்கு.

இதற்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். கோவின் தளம் வயது, பாலினம், மாவட்டம் எல்லாம் காட்டியது. சாதியைக் கேட்கவே இல்லை. எனவே எந்தச் சமூகத்தின் நோயாளிகளுக்கு ஊசி கடைசியாகப் போய்ச் சேர்ந்தது என்பதை அந்தக் கணக்கிலிருந்து யாராலும் நிறுவ முடியாது. ‘சாதி பார்க்காமல் போட்டோம்’ என்று அரசாலும் நிறுவ முடியாது. ஆனால் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வேலை செய்வோரை ஒன்றிய அரசே கணக்கெடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தது. கெட்ட காற்றில் வேலை செய்து நுரையீரல் கெடுகிறது. மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போகிறது. அதனால் நோய் தாளில் ஏறுவதில்லை. தாள் இல்லாதவரிடம்தான் அரசு சான்றிதழ் கேட்டது.

ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. எதிர்ப்பாற்றல் குன்றியவரின் உடலில் வைரஸ் பல மாதங்கள் தங்கி மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பது பதிவான உண்மை. ஒமைக்ரானே அப்படி வந்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர்களுக்கு முதலில் ஊசி போட இது நல்ல காரணம். ஆனால் நம் சமூகத்தின் கையில் இது கிடைத்தால், நோயாளியின் உடலையே தீட்டாக்கி ஒதுக்க ஒரு புதிய சாக்காகவும் மாறும். எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுக்கு வாடகை வீடு மறுத்த ஊர்களுக்கு இதைச் செய்ய எவ்வளவு நேரமாகும்?

கொரோனாவோடு இது முடியவில்லை. ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் மாறுவதால் அதன் தடுப்பூசியை ஆண்டுக்கு இரண்டு முறை உலக சுகாதார நிறுவனம் மறுபரிசீலனை செய்கிறது. சர்க்கரை, இதய, நுரையீரல், சிறுநீரக நோயாளிகளுக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகளையும் வாசலுக்கே கொண்டுபோகிறது. யாருக்கு என்ன நோய், எந்தத் தெரு என்ற பட்டியல் அந்தப் பெண் தன்னார்வலர்களிடம் இருக்கிறது. அதே பட்டியலை வைத்துக் கிராமச் சுகாதாரச் செவிலியர் ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, ஊசியோடு அந்தத் தெருவுக்குப் போகலாம். யாரிடமும் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. இதற்கு ஆகும் செலவை நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும், அடுத்த உருமாற்றத்துக்குப் பெயர் வைக்கும் முன்பே.