பெண் குதிரைக்குச் சினைப்பை அறுவை சிகிச்சை: அவசரம் வேண்டாம்

கேள்வி: ‘‘எங்களிடம் 8 வயதுப் பெண் குதிரை இருக்கிறது. கோயில் விழா, கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு அனுப்பித்தான் குடும்பம் நடக்கிறது. ஆறு மாதமாக ஆண் குதிரை போல மற்ற குதிரைகளை விரட்டுகிறது, கடிக்கவும் வருகிறது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், துளை போட்டு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுக்கலாமா? பிறகு குட்டி போடுமா?’’

- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்: இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் குதிரை இனிக் குட்டி போடாது. அதனால், காரணம் தெரியாமல் அறுவைக்குச் சம்மதிக்கக் கூடாது.

பெண் குதிரை சுமார் 21 நாள்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். 5 முதல் 7 நாள்கள் வாலைத் தூக்கும், அடிக்கடி சிறுநீர் விடும், சொல் கேட்காது. இது இயல்புதான். ஆனால், மாதக்கணக்கில் ஆண் குதிரை போல முரட்டுத்தனம் காட்டினால் சினைப்பையில் கட்டி இருக்க வாய்ப்பு உண்டு. இந்தக் கட்டி பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும், பரவுவது அரிது. ஆசனவாய் வழியாகச் செய்யும் ஸ்கேனும், ரத்தத்தில் ஹார்மோன் பரிசோதனையும் இதைக் காட்டிக் கொடுக்கும்.

கட்டி உறுதியானால், அந்த ஒரு சினைப்பையை மட்டும் எடுத்தால் போதும். அடங்கிக் கிடந்த மற்றொன்று சில மாதங்களில் வேலை செய்யத் தொடங்கும். பிறகு குட்டி போடவும் வாய்ப்பு உண்டு.

லேப்ராஸ்கோப்பி முறையில் குதிரையைப் பெரும்பாலும் படுக்க வைப்பதில்லை. குடல் நிரம்பியிருந்தால் சினைப்பை தெரியாது என்பதால் முன்கூட்டியே தீவனத்தை நிறுத்துவார்கள். நின்ற நிலையிலேயே மயக்க ஊசி போட்டு, விலாப்பக்கத்தை மரத்துப் போகச் செய்வார்கள். சிறு துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றவற்றில் கருவிகளையும் நுழைப்பார்கள். ரத்தக்குழாயைக் கண்ணால் பார்த்தே அடைத்து வெட்டுவதால் ரத்தப்போக்கு குறையும். முழு மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்தால், தெளிந்து எழும்போது தடுமாறிக் கால் எலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இங்கு அந்தப் பயம் இல்லை. கட்டி பெரிதாக இருந்தால், வெளியே எடுக்க ஒரு துளையை மட்டும் அகலமாக்குவார்கள்.

கட்டி இல்லாவிட்டால்? முதுகுவலி, சேணம் உரசிய புண், பல் கோளாறு, லாட நோவு ஆகியவற்றை முதலில் பாருங்கள். வலியால் கடிக்கும் குதிரைக்குச் சினைப்பையை எடுத்துப் பயனில்லை. பருவத்தின்போது மட்டும் தொல்லை என்றால், பருவத்தை அடக்கும் ஹார்மோன் மருந்தை மருத்துவர் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பார். அதற்கும் குணம் மாறாவிட்டால் அறுவையாலும் மாறுவது சந்தேகமே. அந்த மருந்து தோல் வழியாக உடலில் ஏறும்; வீட்டுப் பெண்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள், அதைத் தொடவே கூடாது. கொடுப்பவர் கையுறை அணிய வேண்டும்.

இன்னொன்று: பருவத்தை அடக்கி வைக்கும் புரோஜெஸ்டிரோன் சினைப்பையிலிருந்துதான் சுரக்கிறது. இரண்டையும் எடுத்த பிறகும் சில குதிரைகள் பருவ அறிகுறி காட்டுவது இதனால்தான். விந்து சேகரிக்கும் பண்ணைகளில் இத்தகைய குதிரைகளையே ஆண் குதிரைக்கு முன் நிறுத்துவதும் உண்டு.

முதலில் உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் காட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நாமக்கல் அல்லது சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குதிரைக்கு இந்த அறுவை செய்யும் வசதி உண்டா எனக் கேட்டுக்கொண்ட பிறகே வண்டியில் ஏற்றுங்கள். ரணஜன்னி குதிரையை எளிதில் தாக்கும். அதற்கான தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அறுவைக்குப் பின் மருத்துவர் சொல்லும் நாள்வரை ஊர்வலத்துக்கு அனுப்பாதீர்கள். அந்த வாடகை இழப்பையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.