எழுதிக் காட்டு என்கிறார்கள்

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதும் அகற்றிவிட்டால் அந்த மனிதர் அதன்பின் மூக்கால் மூச்சுவிடுவதில்லை. மூச்சுக்குழாயைக் கழுத்தின் முன்பக்கம் திறந்து தைத்துவிடுகிறார்கள். சாகும்வரை அந்தத் துளைதான் அவருக்கு மூக்கு. பேச்சும் அன்றோடு போகிறது.

செவிலியர் எழுதும் பராமரிப்புத் திட்டத்தில் சளி உறிஞ்சுவது, துளையைச் சுத்தம் செய்வது, மூக்குக்குழாய் வழி உணவு எல்லாம் இருக்கும். அவர் எப்படித் தன் தேவையைச் சொல்வார் என்ற இடத்தில்தான் நாம் நிற்க வேண்டியிருக்கிறது. நோட்டும் பேனாவும் கொடுக்கவும் என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, இன்று வார்டில் வந்து எழுதிக் காட்டு என்றால்? மூச்சு அடைக்கிறது என்று சொல்ல வழியின்றிக் கட்டில் கம்பியைத் தட்டுகிறவருக்கு ‘முரண்டு பிடிக்கிறவர்’ என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. பீடி குடித்தாயல்லவா என்ற ஏச்சு வேறு.

படம் வரைந்த அட்டை, ஒரு மணி, அறுவை சிகிச்சைக்கு முன்பே பேசி வைத்துக்கொண்ட கை சைகைகள். இவற்றுக்கு என்ன பெரிய செலவு? மூச்சுத் திணறினால் ஆக்சிஜனை முகத்தில் அல்ல, கழுத்துத் துளையில் வைக்க வேண்டும் என்பதை வீட்டாருக்குச் செய்து காட்டி அனுப்ப வேண்டும். துண்டுத்தாளில் அச்சடித்துக் கொடுப்பதோடு நிறுத்தக் கூடாது.

தூசிப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். தெருக்கூட்டும் தொழிலாளிக்கு இதன் பொருள் வேலையை விடு என்பதுதான். அவருக்குத் தூசியை வடிகட்ட மூக்கு இல்லை. வாடையும் சரியாகத் தெரியாது. கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் அவரை நிறுத்துவது கொலைக்குச் சமம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சுத் திறன் இழப்புக்குக் காரணமாக இந்த அறுவை சிகிச்சையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பழைய பணிக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது அதன் 20ஆம் பிரிவு. ஆகவே மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதும் மாற்றுப் பணிக்கான மருத்துவக் கடிதமும் பராமரிப்புத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும் என்று கேட்கிறோம். மருத்துவமனை சமூகப் பணியாளரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்.

ஆனால் குப்பை அள்ளுகிறவர்களில் எத்தனை பேர் இன்று அரசு ஊழியர்கள்? ஒப்பந்தக்காரரிடம் இந்தக் கடிதத்தை நீட்டினால், மறுநாள் வேறொருவர் துடைப்பத்தோடு நிற்பார். அந்தப் பிரிவை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் விரிவாக்கச் சொல்லி நாம் இன்னும் உரக்கக் கேட்கத் தொடங்கவே இல்லை.